காலந் தாழ்த்தல் கேடு

மருதமுனை முதல் அக்கரைப்பற்று ஈறாக உள்ள எமது கரையோர ஊர்களிலே, வயிறு பொருமுகிறது என்னும் பெண்ணுக்கு இஞ்சியும் ஓமமும் அவித்துக் கொடுப்பது வழக்கம். பெரும்பாலும் அவ்வளவிலே சுகமும் உண்டாகும். அவ்வழக்கத்தை நாம் குறை கூறவில்லை. ஆனால், வாரக்கணக்காகியும் நீங்காத பொருமலுக்கும் அதே கஷாயத்தைக் கொடுத்துக்கொண்டிருப்பது பெருந்தவறாகும். சூலகப் புற்றுநோய் பல வேளைகளில் அந்த வேடத்திலேயே வருகின்றது.

2022ஆம் ஆண்டில் உலகெங்கும் 3 இலட்சத்துக்கு மேற்பட்ட பெண்களுக்கு இந்நோய் கண்டது. ஏறத்தாழ 2 இலட்சம் பேர் மாண்டனர். நோய் சூலகத்துள் அடங்கியிருக்கும்போதே கண்டறியப்பட்டால், பத்துப் பேரில் ஒன்பது பேரளவில் ஐந்தாண்டு கடந்து வாழ்வர். எங்கும் பரவிய பின்னர் கண்டறியப்பட்டால், பத்தில் மூவரளவே அவ்வாறு வாழ்வர். பெரும்பாலோர் பரவிய பின்னரே வைத்தியரிடம் வருகின்றனர் என்பதுதான் துயரம்.

குறிகள் யாவை? நீங்காத வயிற்றுப் பொருமல், சிறிது உண்டதும் வயிறு நிறைந்துவிடுதல், அடிவயிற்று நோவு, அடிக்கடி சிறுநீர் கழிக்க நேர்தல். இவை புதிதாகத் தோன்றி, மாதத்தில் 12 நாட்களுக்கு மேல் வருத்துமாயின் வைத்தியரைக் காணல் வேண்டும். 50 வயதைக் கடந்தவர்களும், தாய்க்கோ சகோதரிக்கோ சூலகத்திலோ மார்பிலோ புற்றுநோய் வந்த குடும்பத்தவரும் சற்றும் தாமதிக்கலாகாது.

இங்கே ஒரு தப்பெண்ணத்தையும் நீக்கல் வேண்டும். 1996 முதல் நம் நாட்டில் நடைபெறும் சுகவனிதையர் கிளினிக்குகள் பெருநன்மை செய்துள்ளன. ஆயினும் அங்கு செய்யப்படும் பாப் பரிசோதனை கருப்பைக் கழுத்துக்கே உரியது. சூலகத்தின் நிலையை அது காட்டாது. குறியேதுமற்ற பெண்களை ஆண்டுதோறும் சோதித்து இந்நோயின் மரணங்களைக் குறைக்கலாமா எனப் பிரித்தானியாவில் 2 இலட்சம் பெண்களிடையே ஆராய்ந்தனர். குறைக்க இயலவில்லை என்பதே 2021இல் வெளியான முடிவு. ஆகவே, ஒரு பெண் தன் உடலைப் பற்றிக் கூறும் சொல்லே இன்று எமக்குள்ள முதற் சாட்சியாகும்.

கல்முனை நகரிலே இரண்டு ஆதார வைத்தியசாலைகள் உள: ஒன்று வடக்கு ஆதார வைத்தியசாலை, மற்றது அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலை. எல்லைகளைப் பற்றி வழக்காட இரு சமூகத்தாருக்கும் நேரம் கிடைக்கின்றது. இந்நோயோ எவ்வெல்லையையும் அறியாது. இக்குறிகளோடு வரும் பெண்ணுக்கு ஸ்கான் பரிசோதனையும் இரத்தப் பரிசோதனையும் இரண்டிடத்திலும் தாமதமின்றிக் கிடைக்க வேண்டும். நாணமுடையோர் அஞ்சாதிருக்கப் பெண் உத்தியோகத்தர் உடனிருக்க வேண்டும். ஐயம் எழுந்தால், மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கோ, 300 கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ள மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கோ செல்லும் வழியை அங்கேயே ஒழுங்கு செய்து கொடுத்தல் வேண்டும். இவற்றை நம் பிரதிநிதிகள் கேட்டுப் பெறுவார்களாக.

விவசாயப் பெருமக்களுக்கு ஒரு வார்த்தை. அறக்கொட்டி பயிரின் அடித்தூரிலேயே கூடும். வரம்பில் நின்று பார்ப்பவனுக்குப் பசுமைதான் தெரியும். அதனாலன்றோ வட்டையில் இறங்கித் தூரை விலக்கிப் பார்க்கின்றீர்கள்? அவ்வக்கறையில் ஒரு பங்கை வீட்டிலும் காட்டுங்கள். உம்மாவோ மனைவியோ தனக்குச் சோறு இறங்கவில்லை என்று இரண்டாம் முறை கூறினால், மூன்றாம் முறை கூறுமட்டும் காத்திராதீர்கள்.