வரவும் செலவும்: காப்பகமும் காப்பகப் படியும்

தமிழகத்தை விட்டு வந்து தில்லியிலும் மும்பையிலும் பெங்களூரிலும் குடியேறிய நம் குடும்பங்களில், கணவன் மனைவி இருவருமே உத்தியோகம் பார்ப்பது இன்று இயல்பாகிவிட்டது. சொந்த ஊராயிருந்தால் பாட்டியோ அத்தையோ குழந்தையை ஏந்திக்கொள்வார்கள். இங்கே அந்தக் கைகள் இல்லை. ஆகவே குழந்தைக் காப்பகம் நமக்கு ஆடம்பரமன்று. அரிசி பருப்பைப் போன்ற செலவே. அதற்காகக் காரியாலயம் செய்யும் உதவி வருமான வரியில் எப்படிப் போய் நிற்கிறது என்பதையே இம்மாதம் ஆராய்வோம்.

முதலில் சட்டம். 1961ஆம் ஆண்டு மகப்பேற்று நலச் சட்டத்தில் 2017இல் செய்யப்பட்ட திருத்தம், 50 ஊழியரோ அதற்கு மேற்பட்டோரோ உள்ள நிறுவனம் காப்பக வசதி செய்து தருதல் வேண்டும் என விதித்தது. 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இவ்விதி இடம்பெற்றுள்ளது. 50 என்பது பெண்களை மட்டும் எண்ணுவதன்று. ஆண்களும் இக்கணக்கில் அடங்குவர். இதைப் பலர் அறியார். தாய் நாளொன்றுக்கு நான்கு முறை காப்பகம் சென்று குழந்தையைப் பார்த்துவரலாம்; அவளது ஓய்வு வேளையும் இதில் அடக்கம். காப்பகத்தை நிறுவனம் தனியாக நடத்தலாம். பொதுக் காப்பகமொன்றைப் பயன்படுத்தியும் கொள்ளலாம்.

சட்டம் கேட்பது வசதியை, பணத்தை அன்று. ஆயினும் காப்பகம் அமைப்பதிலுள்ள தொல்லையை எண்ணி, ‘காப்பகப் படி’ என ஒரு தொகையைச் சம்பளத்தோடு சேர்த்துக் கொடுப்பது சில காரியாலயங்களுக்கு எளிதாகத் தோன்றுகிறது. வாங்குவோருக்கும் முதலில் மகிழ்ச்சியே. ஆனால் கையில் வரும் படி சம்பளமாகிவிடுகிறது. மாதம் 6,000 ரூபாய் படி பெறும் ஒருவரின் வருமானம், 2025-26 நிதியாண்டின் புதிய முறைப்படி 20 விழுக்காட்டுப் படிநிலையில் நிற்பதாகக் கொள்வோம். ஆண்டுக்கு 72,000 ரூபாய். அதற்கு வரி 14,400. மேல்வரியும் சேர்த்து 14,976. மாதம் 4,752 ரூபாயே மிஞ்சும். காப்பகத்தாரோ முழு 6,000 கேட்பர்!

அச்செலவுக்கு ஈடாக வரியில் ஏதேனும் சலுகை உண்டா என்றால், இல்லை. பழைய முறையைத் தேர்ந்தவர்கள் பாலர் பள்ளியின் கல்விக் கட்டணத்தைக் கழித்துக்கொள்ள இடமுண்டு. காப்பகக் கட்டணம் கல்விக் கட்டணமாகாது. அமெரிக்காவில் குழந்தை பராமரிப்புச் செலவில் ஒரு பங்கைக் கட்டவேண்டிய வரியிலேயே குறைத்துக்கொள்ளலாம். ஆனால் முதலாளியிடமிருந்து வரியின்றிப் பெற்ற உதவித்தொகை எவ்வளவோ, அவ்வளவும் அச்சலுகைக்குரிய செலவு வரம்பிலிருந்து கழிந்துவிடும். அங்கும் ஒரு செலவுக்கு இரு சலுகை கிட்டுவதில்லை. நமக்கோ ஒன்றுமே இல்லை என்பதைச் சற்று வருத்தத்துடனேயே எழுதுகிறோம்.

படிக்குப் பதிலாகக் காரியாலயமே காப்பகத்துக்கு நேராகப் பணம் கட்டினால் வரி நீங்குமா? இங்கே நுட்பமொன்று உள்ளது. குழந்தையை உங்கள் பெயரில் சேர்த்து, உங்கள் பெயரில் வரும் பில்லை நிறுவனம் தீர்த்தால், நீங்கள் கொடுக்கவேண்டிய கடனை அது கொடுத்ததாகிறது. அத்தொகையும் சம்பளத்தைச் சேர்ந்ததே. நிறுவனம் தானே காப்பகம் நடத்தினாலும், தன் பெயரில் ஒப்பந்தம் செய்துகொண்டு இடங்களைப் பெற்றாலும் நிலைமை வேறு. அது வசதி, உங்கள் கடனைத் தீர்த்த பணமன்று. எனினும் தனி விதி இல்லாத வசதிகளுக்கு, நிறுவனத்திற்கான செலவில் ஊழியர் கொடுத்ததைக் கழித்து மதிப்பிடும் பொது விதியொன்று 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் கீழ் இருந்தது. ஆகவே வசதியாகக் கிடைத்தாலே வரி இல்லையென்று நினைத்துவிடுதல் கூடாது.

சர்க்கார் இதில் ஒருமுறை கனிவு காட்டியதுண்டு. ஊழியர் பெறும் வசதிகளுக்காக 2005 முதல் முதலாளிகளிடம் தனி வரியொன்று வாங்கப்பட்டது. 2008இல் காப்பகச் செலவு அவ்வரியினின்று விலக்கப்பட்டது. மறு ஆண்டு அவ்வரியே ஒழிந்தது. விலக்கும் அதனோடு போயிற்று.

புதிய முறையில், 2025-26இல் ஆண்டுக்கு 12.75 லட்சம் ரூபாய் வரை சம்பளம் பெற்று வேறு வருமானமில்லாதவர்க்கு வரியே இல்லை. அவர்களுக்குப் படியும் ஒன்றே, வசதியும் ஒன்றே. எனவே அவர்கள் காப்பகத்தின் தூய்மையையும் தூரத்தையும் மட்டும் பார்த்து முடிவு செய்யலாம். அதற்கு மேற்பட்ட சம்பளம் பெறுவோர், படியை ஏற்றுக் கையெழுத்திடுமுன், காரியாலயமே காப்பகத்தோடு ஒப்பந்தம் செய்துகொள்ளுமா என்று கேட்பது நன்று. நிறுவனத்திற்கு இரண்டுமே தொழிற்செலவுதான். ஆகையால் கேட்பதில் கூச்சம் வேண்டாம். ஏற்கெனவே வசதி பெறுவோர், காப்பக ரசீது யார் பெயரில் வருகிறது என்பதையும், ஆண்டிறுதி வரிச் சான்றிதழில் அதற்கென ஏதேனும் தொகை சேர்ந்துள்ளதா என்பதையும் கணக்குப் பகுதியாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.