இரவல் மூட்டை

மேலூர்ப் பக்கத்து இளைஞர்கள் இப்போது மலையேறப் போகிறார்கள். சிறுமலை, சதுரகிரி, கொடைக்கானலுக்குக் கீழேயுள்ள காடுகள் என்று சனிக்கிழமை கிளம்பி ஞாயிற்றுக்கிழமை திரும்புகிறார்கள். போகட்டும், நல்ல காரியந்தான். கடைத்தெருவையும் காரியாலயத்தையும் தவிர வேறொன்றும் அறியாமல் நாற்பது வயதைத் தொட்டுவிடுவதைக் காட்டிலும், கால் கடுக்க ஒரு மலையை ஏறி இறங்குவது எவ்வளவோ மேல். அவர்கள் போவதைப் பற்றி எனக்கு வழக்கு இல்லை. அவர்கள் முதுகில் இருக்கிற மூட்டையைப் பற்றித்தான் வழக்கு.

அந்த மூட்டையை ஒரு தடவை அவிழ்த்துப் பாருங்கள். உரசினால் பொறி பறக்கும் தீமூட்டி ஒன்று இருக்கும். பத்துப் பன்னிரண்டு வேலை செய்யும் மடக்குக் கத்தி இருக்கும். பாம்புக்கடி விஷத்தை உறிஞ்சி எடுப்பதாகச் சொல்லும் சின்னஞ்சிறு பம்பு இருக்கும். வெள்ளிக் காகிதம் போலப் பளபளக்கும் போர்வை இருக்கும். உடம்பில் நைலான் சட்டை. இவ்வளவும் வாங்க ஆயிரக் கணக்கில் ரூபாய். சரி, தண்ணீர் எங்கே என்று கேட்டால், பக்கவாட்டுப் பையில் செருகியிருக்கிற ஒரு லிட்டர் போத்தலைக் காட்டுவார்கள். மாசி வெயிலில் மலையேறுகிறவனுக்கு ஒரு லிட்டர்!

இது எங்கிருந்து வந்த பட்டியல்? அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து மலையேற்றச் சங்கம் ஒன்று 1930களில் தன் மாணவர்களுக்காகப் பத்துப் பொருள்களை வகுத்தது. வரைபடம், திசைகாட்டி, கறுப்புக் கண்ணாடி, மாற்றுத் துணி, விளக்கு, மருந்துப் பெட்டி, தீமூட்டி, தீக்குச்சி, கத்தி, உபரி உணவு. உலகமெல்லாம் சுற்றிய பட்டியல் இது. இன்று கடைகளில் விற்கிற பைகளெல்லாம் இதன் பேரப்பிள்ளைகள்தாம். அந்த ஊருக்கு அது மிகவும் பொருத்தமான பட்டியல். பனி உருகி ஓடும் ஓடைகள் நிறைந்த ஈர மலைகள் அவை. அங்கே மனிதனைக் கொல்வது குளிர். ஆகவே நெருப்புக்கு இரண்டு இடம் கொடுத்தார்கள். தண்ணீருக்கு அந்தப் பத்தில் இடமே கொடுக்கவில்லை. குறை சொல்ல முடியுமா? அவர்கள் தங்கள் மலையைப் பார்த்து எழுதினார்கள்.

நாம் எந்த மலையைப் பார்த்து எழுதினோம்?

நம் பக்கத்து மலைகளில் தை பிறந்ததும் புல் காயத் தொடங்குகிறது. மாசி, பங்குனியில் மலை முழுவதும் வைக்கோற்போர் மாதிரி நிற்கிறது. சுனைகள் வற்றிப் போகின்றன. இங்கே மனிதனைக் கொல்வது வெப்பமும் தாகமும் தீயும். ஆகவே அந்தப் பட்டியலைத் தலைகீழாகக் கவிழ்த்தால்தான் நமக்கு உதவும். தண்ணீர் முதலில் வர வேண்டும். தீக்குச்சி வீட்டிலேயே கிடக்க வேண்டும். அனுமதியில்லாமல் காப்புக்காட்டில் தீ மூட்டுவது சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். வைக்கோற்போருக்குள் படுத்துக்கொண்டு எவனாவது நெருப்பு உரசுவானா? குளிர்நாட்டில் பருத்தித் துணி நனைந்தால் உடல் வெப்பத்தை இழுத்துவிடும் என்று அதை விலக்குகிறார்கள். நம் ஊரில் தீயின் அருகே நைலான் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தி அப்படி உருகாது. பாம்புக்கடிப் பம்போ எந்த ஊருக்கும் உதவாதது. கடிபட்டவரை அசையாமல் வைத்து, இறுகக் கட்டாமல், கீறாமல், விஷமுறிவு மருந்து உள்ள ஆஸ்பத்திரிக்குச் சீக்கிரம் கொண்டு போவதுதான் வைத்தியம். அயல்நாட்டார் சிபாரிசு செய்கிற செயற்கைக்கோள் தொலைபேசியை அனுமதியில்லாமல் இந்தியாவில் வைத்திருந்தால், ஆபத்திலிருந்து மீளுகிறவர் நேரே போலீஸ் நிலையத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

பொருந்தாத செருப்பு காலைக் கடிக்கும்; அவ்வளவோடு போகும். பொருந்தாத மூட்டை ஆளையே விழுங்கும்.

2018ஆம் ஆண்டு மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. மாசி மாதக் கடைசி. தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூருக்கு மேலே குரங்கணி மலை. சென்னையிலிருந்தும் திருப்பூர், ஈரோடு பக்கங்களிலிருந்தும் வந்திருந்த 30 பேருக்கு மேல் கொழுக்குமலைப் பக்கமிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். இளம் பெண்கள் பலர். காய்ந்த புல்லில் தீ ஓடி வந்தது. சிலர் அங்கேயே மாண்டார்கள். சிலர் மதுரை ஆஸ்பத்திரிகளில் நாள் கணக்காகத் துடித்து மாண்டார்கள். 20 உயிர்களுக்கு மேல் போயின.

மாண்டவர்கள்மேல் பழி சொல்ல எனக்கு நாக்கு எழாது. அவர்கள் நம் வீட்டுப் பெண்கள்; நம் வீட்டுப் பிள்ளைகள். நான் கேட்பது ஒன்றுதான். அந்த மத்தியான வேளையில் உலகத்திலேயே விலை உயர்ந்த ஆபத்துப் பை எது இருந்திருந்தாலும் என்ன செய்திருக்கும்? அங்கே உயிர் காக்கக் கூடியவை வேறு. இந்த மாதத்தில் இந்தப் புல்வெளி வழியே போகக்கூடாது என்ற அறிவு. தீ மேட்டை நோக்கித்தான் விரைந்து ஏறும் என்ற அறிவு. புல்லில்லாத பாறையோ, ஏற்கெனவே எரிந்து அணைந்த இடமோ எங்கே இருக்கிறது என்ற அறிவு. இவற்றை எந்தக் கடையும் விற்பதில்லை. மலையடிவாரத்தில் ஆடு மேய்க்கிறவரிடம் இவை இலவசமாகக் கிடைக்கும். ஆனால் அவரிடம் கேட்பதற்கு நமக்கு வாய் வருவதில்லையே! அவர் படிக்காதவர், நாம் பட்டியல் படித்தவர்கள்.

இதற்கு எதிர்க்கட்சிக்காரர் ஒருவரும் நம் ஊரில் உண்டு. "மூட்டையாவது முடிச்சாவது! நம் தாத்தன் பாட்டன் இதெல்லாம் கட்டிக்கொண்டா மலை ஏறினார்கள்? சாமி பார்த்துக்கொள்ளும்" என்பார். இவர் தம் பாட்டனை அறியாதவர். பாட்டன் பழனிக்கு நடந்தபோது புளிச்சோறு கட்டிக்கொண்டு போனார், சுரைக்குடுக்கையில் தண்ணீர் கொண்டு போனார், கூட்டத்தோடு போனார், என்றைக்குத் திரும்புவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். இன்றைக்கும் கிடை போடுகிற கீதாரியின் தோளைப் பாருங்கள். தூக்குச்சட்டியும் தண்ணீரும் துண்டும் இல்லாமல் அவர் கரட்டில் கால் வைப்பதில்லை. சாமியைச் சொல்கிறாரே, அந்தச் சாமி விஷயத்தில் இந்த ஜனங்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள்? மலையிலிருந்து இறங்கி வருகிற அழகருக்கே சித்திரை வெயில் தாங்காது என்று தோப்பரையில் தண்ணீர் சுமந்து போய்ப் பீய்ச்சுகிறார்கள். தெய்வத்துக்கே தண்ணீர் கொண்டு போகிற ஊரில் பிறந்தவன், தனக்கு ஒரு லிட்டர் போதும் என்று மலையேறலாமா?

ஆக, நம் மூட்டையில் இருக்க வேண்டியவை சாதாரணமானவை. ஆளுக்கு மூன்று நான்கு லிட்டர் தண்ணீர். உப்புச் சர்க்கரைப் பொட்டலம் நாலைந்து. ஒரு வேளைக்குக் கூடுதலான சோறு. மாற்றுப் பாட்டரியோடு டார்ச் விளக்கு. கூப்பாடு போட்டுத் தொண்டை வற்றாமலிருக்க ஓர் ஊதல். பெரிய பருத்தித் துண்டு. கையொடிந்தால் தூளி, காயம் பட்டால் கட்டு, வெயிலுக்கு முக்காடு. அன்றாடம் சாப்பிடுகிற மாத்திரை. இவற்றோடு, மூட்டையில் வைக்காமல் வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டிய ஒரு துண்டுச் சீட்டு: யார் யார், எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவோம். செல்பேசி இருக்கிறதே என்பீர்கள். மலை மடிப்புக்குள் அது வெறும் கண்ணாடித் துண்டு.

குரங்கணிக்குப் பிறகு அரசாங்கம் மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் 40 வழிகளைத் திறந்து, அந்தந்தப் பக்கத்து மனிதர்களையே வழிகாட்டிகளாக அமர்த்தியது. கட்டணம் அதிகம், கெடுபிடி அதிகம் என்று முணுமுணுக்கிறவர்கள் இருக்கிறார்கள். கடைப்பைக்கு ஆயிரங்களை அள்ளிக் கொடுக்கிற கை, மலையை அறிந்த மனிதனுக்குக் கொடுக்கக் கூசுவதேன்?

இன்னும் ஒன்று. மூட்டை நம் உயிருக்காக மட்டும் அல்ல. குரங்கணிக்கு விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தது உண்மை. அவற்றுக்கு முன்னால் புகைக்குள் ஏறிப் போனவர்கள் ஊர்க்காரர்களும் தோட்டத் தொழிலாளிகளும் வனக்காவலர்களும். வெந்து கிடந்தவர்களை அவர்கள்தாம் தூளி கட்டிச் சுமந்தார்கள். கூலி பேசிக்கொண்டு வந்தவர்களா அவர்கள்? அவர்களுக்கும் பிள்ளை குட்டிகள் உண்டு. ஆயத்தமில்லாமல் காட்டுக்குள் போகிறவன் கை வீசிக்கொண்டு போவதாக நினைத்துக்கொள்கிறான். உண்மையில் அவன் தன் மூட்டையை அடிவாரத்து மனிதர்கள் தலையில் ஏற்றிவிட்டுப் போகிறான். அதுவும் அவர்களைக் கேட்காமல்.

அதைவிட, நம் தண்ணீரை நாமே சுமப்பது மரியாதை.