ஊசி போட்ட நாளுக்கும் கூலி வேண்டும்

வட சென்னைத் துறைமுக, மீன்பிடித் துறைமுக, ஆலைத் தொழிலாளர்களின் கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: தமிழ்நாடு அரசின் தொழிலாளர் நலத் துறை, மக்கள் நல்வாழ்வுத் துறை, பெருநகர சென்னை மாநகராட்சி, சென்னை, காமராஜர் துறைமுக நிர்வாகங்கள், ஈ.எஸ்.ஐ. கழகம், ராயபுரம் முதல் அத்திப்பட்டு வரை ஆலையும் யார்டும் கிடங்கும் நடத்துவோர், அவர்களுக்கு ஆள் அனுப்பும் கான்ட்ராக்டர்கள்.

2020 பிப்ரவரியில் சீனாவிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த ஒரு கன்டெய்னரில், பொம்மைச் சரக்குக்கு நடுவே ஒரு பூனை உயிரோடு இருந்தது. கொரோனாவைக் கொண்டுவந்திருக்குமோ என்று அதைப் பிடித்துத் தனிமையில் வைத்தார்கள். திருப்பி அனுப்ப வேண்டும் என்றது ஒரு தரப்பு. கூடாது என்று கடிதம் எழுதியது விலங்கு நல அமைப்பு. பேப்பரில் எல்லாம் வந்தது. அந்தப் பூனைக்குத் தங்க இடம் கிடைத்தது, தீனி கிடைத்தது, அதன் கதி என்ன என்று கேட்க நாலு பேரும் கிடைத்தார்கள். அதே மாதிரிப் பெட்டிகளை நாள் தவறாமல் பிரித்துச் சரக்கு இறக்கிய எங்களுக்கு இந்த மூன்றும் கிடைக்கவில்லை. பூனைமேல் எங்களுக்கு வருத்தம் ஒன்றுமில்லை. அதற்குக் கிடைத்ததைத்தான் இங்கே கொஞ்சம் விவரமாகக் கேட்கிறோம்.

ஊரடங்கில் ஊரே அடங்கியபோது இந்தப் பகுதி அடங்கவில்லை. துறைமுகம் அத்தியாவசியப் பணி என்றார்கள். அனல்மின் நிலையத்தின் கொதிகலனையும் மணலி சுத்திகரிப்பு ஆலையையும் நினைத்த நேரத்தில் அணைத்துவிட முடியாது என்பது எங்களுக்கும் தெரியும், போனோம். 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரை சென்னையின் 15 மண்டலங்களில் நோயாளிகள் எண்ணிக்கையில் பெரும்பாலும் ராயபுரம் மண்டலம்தான் முன்னால் நின்றது. நெருக்கமான குடித்தனங்கள் என்று காரணம் எழுதினார்கள். பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் படுப்பது உண்மைதான். அந்த ஆறு பேரில் இரண்டு பேர் விடியற்காலை ஷிப்டுக்குப் போய் வந்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதியிருக்கலாம்.

இரண்டாம் அலையில், 2021 மே மாதம், ராயல் என்ஃபீல்டு தன் திருவொற்றியூர் ஆலையை 13 முதல் 16 வரை மூடியது. ஒரகடத்தில் ரெனோ நிசான் தொழிலாளர் சங்கம் பாதுகாப்புக் கேட்டு உயர் நீதிமன்றம் போனது. ஶ்ரீபெரும்புதூரில் ஹூண்டாய் தொழிலாளர்கள் உள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஐந்து நாள் உற்பத்தி நின்றது. சங்கம் இருந்த இடத்தில் வழக்குப் போட முடிந்தது, உட்காரவும் முடிந்தது. மூன்று கான்ட்ராக்டர் கைமாறி வேலைக்கு வருகிற ஆள் யார்மேல் வழக்குப் போடுவார்? அவர் சட்டையில் ஒரு பெயர், கேட் பாஸில் இன்னொரு பெயர், சம்பளம் கொடுப்பவர் வேறொருவர்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். நாங்கள் ஊசிக்கு எதிரிகள் அல்ல. எங்கள் தாத்தா பாட்டிகளின் கையில் அம்மை குத்திய தழும்பு இருந்தது. அதனால்தான் எங்கள் முகத்தில் அம்மை வடு இல்லை. தண்டையார்பேட்டைத் தொற்றுநோய் மருத்துவமனையையும் ஸ்டான்லியையும் நம்பி வாழும் ஜனம் நாங்கள். பயந்தவர்கள் எங்களில் இருந்தார்கள், மறைக்கவில்லை. 2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் ஊசி போட்டுக்கொண்டு 17-ஆம் தேதி காலமானபோது, அதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் சொல்லியும், முகாமுக்குப் போகப் புறப்பட்டவர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்த வீடுகள் உண்டு. அந்தப் பயத்தைப் போக்கியது தெருவுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்து பேசிய நர்சம்மாக்கள். கேட்டில் நின்று விரட்டிய செக்யூரிட்டி அல்ல.

எங்கள் வழக்கு வேறு. ஊசி போட்ட மறுநாள் காய்ச்சல் அடித்தால் அந்த நாளின் கூலி யார் கணக்கு? டெஸ்ட் முடிவு வர இரண்டு நாளானால் அந்த இரண்டு நாள் யார் கணக்கு? எழுதாமலேயே எல்லாம் எங்கள் கணக்கில் எழுதப்பட்டது.

விதிகள் வந்த விதத்தையும் நினைவுபடுத்த வேண்டும். 2021 மே 13 அன்று கோவிஷீல்டு இரண்டாம் ஊசிக்கான இடைவெளி 12 முதல் 16 வாரம் ஆனது. 84 நாளுக்கு முன்னால் ஊசிப் பதிவுக்கான கோவின் செயலி இடம் தரவில்லை. நோய் வந்து மீண்டவர் மூன்று மாதம் பொறுக்க வேண்டும் என்றும் அரசே சொன்னது. கேட்டில் நின்றவருக்கு அதெல்லாம் தெரியாது: ரெண்டு ஊசி சர்ட்டிஃபிகேட் இருக்கா, இல்லையா? இதற்கிடையில் ஜூன் மாதம், வெளிநாட்டு வேலைக்கும் படிப்புக்கும் டோக்கியோ ஒலிம்பிக்குக்கும் போகிறவர்களுக்கு மட்டும் 28 நாளிலேயே இரண்டாம் ஊசி என்று விலக்கு வந்தது. கப்பலில் ஏறிப் போகிறவருக்கு 28 நாள். அதே கப்பலில் ஏறிச் சரக்கு இறக்கிவிட்டுக் கரைக்குத் திரும்புகிறவருக்கு 84 நாள். இதில் மருத்துவம் எங்கே இருக்கிறது என்று இன்றுவரை எங்களுக்குப் புரியவில்லை.

2021 நவம்பரில், 1939-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தைக் காட்டி, ஊசி போடாதவர்களைப் பொது இடங்களில் விடக்கூடாது என்று தமிழ்நாடு அரசின் பொதுச் சுகாதார இயக்குநரகம் உத்தரவிட்டது. டிசம்பரில் மின்வாரியத்தின் மதுரை மண்டலத்தில், ஊசி போடாதவருக்கு அந்த மாதச் சம்பளம் இல்லை என்று சுற்றறிக்கை போனது. மாநில உத்தரவு 2022 ஏப்ரலில் விலக்கிக்கொள்ளப்பட்டது. மே 2 அன்று, ஊசிக் கட்டாயத்தை எதிர்த்த ஜேக்கப் புலியேல் வழக்கில் உச்ச நீதிமன்றம், யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது, உடல்மீதான உரிமை அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவில் அடங்கும் என்றது. பொது நலத்துக்காக அரசு நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம், அது அளவோடு இருக்க வேண்டும் என்றும் சொன்னது. நாங்கள் இந்தத் தீர்ப்பின் இரண்டு பாதியையும் ஏற்கிறோம். அடுத்த தொற்று எப்போது என்று யாருக்கும் தெரியாது. வந்த பிறகு பேச நேரம் இருக்காது என்பதால் இப்போதே கேட்கிறோம்.

1. ஊசி, டெஸ்ட் இரண்டுக்கும் ஆகும் பணமும் நேரமும் விதி போடுகிறவர் செலவு. 2020 ஜூனில் தனியார் ஆய்வகத்தில் ஆர்டி-பிசிஆர் டெஸ்டுக்கு அரசு வைத்த உச்ச விலை 3,000 ரூபாய். 2021 மே மாதம் அது 900 ஆனது. அதே ஆண்டில் தனியார் மருத்துவமனையில் கோவிஷீல்டு ஒரு ஊசி 780 ரூபாய் வரை இருந்தது. வாரத்துக்கு ஒரு டெஸ்ட் என்று ஒரு மேலாளர் வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போகலாம். தினக்கூலி ஆள் அந்த வாரம் எத்தனை நாள் உழைத்து அதைக் கட்டுவார்? ஊசி போடும் நாளும், அடுத்து வரும் இரண்டு நாளும், டெஸ்ட் முடிவுக்குக் காத்திருக்கும் நாளும் சம்பளத்தோடு கூடிய விடுப்பாக வேண்டும். இருக்கிற சி.எல். கணக்கில் கை வைக்கக்கூடாது. இது உலகத்தில் இல்லாத கோரிக்கை அல்ல. இத்தாலியில் 2021 அக்டோபர் 15 முதல் எல்லா வேலையிடத்துக்கும், ஊசியோ நெகட்டிவ் டெஸ்டோ காட்டும் பச்சைச் சீட்டு கட்டாயமானபோது திரியெஸ்தே துறைமுகத் தொழிலாளர்கள் மறியல் செய்தார்கள். துறைமுகக்காரர்களுக்கு இலவச டெஸ்ட் கொடுங்கள் என்று அந்நாட்டு உள்துறையே கம்பெனிகளுக்கு யோசனை சொல்ல வேண்டி வந்தது. அங்கே யோசனையாவது வந்தது. இங்கே கேட்டுக்கு வெளியே இன்னும் பத்துப் பேர் நிற்கிறார்கள் என்ற தைரியம்.

2. நிரந்தரத் தொழிலாளிக்கு என்ன உண்டோ அது கான்ட்ராக்ட் ஆளுக்கும் உண்டு. முதன்மை வேலையளிப்பவர் பொறுப்பேற்க வேண்டும். கான்ட்ராக்டரைக் கேளுங்கள் என்று கை காட்டக்கூடாது. 2021 ஏப்ரல் 11 முதல், தகுதியுள்ள நூறு பேர் இருக்கும் வேலையிடங்களில் முகாம் நடத்த ஒன்றிய அரசு அனுமதித்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் பன்னிரண்டு பேர் இருக்கும் லேத் பட்டறைக்கும், எட்டு கான்ட்ராக்டர்களிடம் பிரிந்து கிடக்கும் யார்டுக்கும் அந்த நூறு எப்படிக் கூடும்? பகுதி வாரியாக, கம்பெனி பெயர் பார்க்காமல் முகாம் போடுங்கள். முடியாதது அல்ல: 2020 ஏப்ரலில் கொரோனாவால் உயிரிழக்கும் பெருந்துறைமுகத் தொழிலாளியின் குடும்பத்துக்கு 50 லட்சம் ரூபாய் என்று கப்பல் துறை அறிவித்தபோது ஒப்பந்தத் தொழிலாளரையும் அதில் சேர்த்தது. சாவில் காட்டிய சமத்துவத்தை உயிரோடு இருக்கும்போதும் காட்டலாம். துறைமுக மதிலுக்கு வெளியே கன்டெய்னர் யார்டில் வேலை செய்கிறவரையும் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும்.

3. உத்தரவு எழுத்தில் வேண்டும். எந்தச் சட்டத்தின் கீழ், யார் கையெழுத்தில், எந்தத் தேதிவரை என்று அதில் இருக்க வேண்டும். அரசு உத்தரவை விலக்கிக்கொண்ட பிறகும் சில கேட்டுகளில் மாதக்கணக்கில் சர்ட்டிஃபிகேட் கேட்டார்கள். யார் சொன்னது என்றால் மேலே இருந்து என்பார்கள். மேலே என்றால் எங்களுக்குத் தெரிந்து கிரேன்தான்.

4. ஊசி வேண்டாம் என்பவரை முதலில் ஒரு மருத்துவர் தனியாக உட்கார வைத்துப் பேச வேண்டும். உடல் காரணம் இருந்தால் விலக்கு. பிறகும் மறுத்தால் கூட்டம் குறைவான வேலை, முகக்கவசம், நிர்வாகச் செலவில் டெஸ்ட். சம்பளத்தை நிறுத்துவதோ வேலையை விட்டு நீக்குவதோ கூடாது. சிங்கப்பூரில் 2022 ஜனவரி 15 முதல் ஊசி போடாதவர் வேலையிடத்துக்குள் போக முடியவில்லை. சம்பளமில்லா விடுப்பு, கடைசியில் வேலைநீக்கம் வரை அங்கே விதி இடம் கொடுத்தது. கப்பல் பட்டறைகளில் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் வேலை செய்யும் ஊர் அது. அந்த வழியை இங்கே கொண்டுவர வேண்டாம். மறுப்பவரோடு ஒரே கேன்டீனில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் நாங்கள்தான். அவர் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்ற அக்கறை நிர்வாகத்தைவிட எங்களுக்கு அதிகம்.

5. நோயிலிருந்து மீண்டு வருகிறவரிடம் நெகட்டிவ் சீட்டுக் கேட்கக்கூடாது. 2022 ஜனவரியில், பாசிட்டிவ் வந்து ஏழு நாள் கழிந்து, மூன்று நாள் காய்ச்சல் இல்லாவிட்டால் வீட்டுத் தனிமை முடிந்தது, மறு டெஸ்ட் தேவையில்லை என்று ஒன்றிய சுகாதார அமைச்சகம் எழுதியது. கிருமி செத்த பிறகும் அதன் எச்சத்தை ஆர்டி-பிசிஆர் காட்டும் என்பதுதான் காரணம். அதைப் படிக்காத மேலாளரால் குணமானவர் தெருவில் நின்றார். ஈ.எஸ்.ஐ. நோய்க்காலப் பலன் சம்பளத்தில் 70 சதவீதம்தான், ஆண்டுக்கு 91 நாள்தான். மீதி 30 சதவீதத்தை நிர்வாகம் கொடுக்க வேண்டும். மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டி ஈ.எஸ்.ஐ.யிலிருந்து வெளியே விழுந்தவருக்கு முழுச் சம்பளம்.

6. டெஸ்ட் முடிவும் ஊசி விவரமும் மருத்துவ அறையோடு இருக்கட்டும். நோட்டீஸ் போர்டில் பெயர் போடுவது, மேஸ்திரியின் வாட்ஸ்அப் குழுவில் போடுவது இரண்டும் வேண்டாம். செயலி கட்டாயம் என்பதும் வேண்டாம். 2020 மே 1 அன்று வேலைக்குப் போகும் எல்லோருக்கும் ஆரோக்கிய சேது செயலியைக் கட்டாயமாக்கி, பதினாறு நாள் கழித்துத் தளர்த்தினார்கள். பட்டன் போன் வைத்திருந்தவர் அந்தப் பதினாறு நாளும் குற்றவாளி.

7. முதலாளி என்று ஒருவர் இல்லாதவர்களுக்கு அரசே முதலாளி. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைப்பவர், கூடை சுமப்பவர், மீன் வெட்டும் பெண்கள் யாருடைய சம்பளப் பட்டியலிலும் இல்லை. ஏலம் விடியலுக்கு முன்னால் தொடங்குகிறது. காலை பத்து மணிக்கு வரும் முகாம் அவர்களுக்கு அல்ல. டிரெய்லர் டிரைவரும் கிளீனரும் துறைமுகத்தின் ஜீரோ கேட் வரிசையில் இரவெல்லாம் வண்டியிலேயே கிடக்கிறார்கள். முகாம் அங்கே, அந்த நேரத்தில் வரட்டும். கூலி இழப்புக்கு நலவாரியங்கள் வழியாகப் பணம் வரட்டும்.

8. மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தவர்கள் நெஞ்சையும் பாருங்கள். எண்ணூரின் சாம்பலும் மணலியின் புகையும் தொற்று வருவதற்கு முன்பே எங்கள் நுரையீரலுக்குள் போய் உட்கார்ந்தவை. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து ஜனம் தெருவில் ஓடியது எல்லோருக்கும் நினைவிருக்கும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் ஆண்டுதோறும் இலவச உடல் பரிசோதனை பற்றிப் பேசுகின்றன. அதில் நுரையீரல் சோதனையும் இருக்கட்டும், கான்ட்ராக்ட் ஆளின் பெயரும் இருக்கட்டும். மூச்சு ஏற்கெனவே பழுதான உடம்பில் தொற்று இன்னும் கடுமையாகக் கை வைக்கிறது.

இவற்றைச் செயல்படுத்த அரசு, நிர்வாகம், தொழிலாளர் மூன்று தரப்பும் உட்காரும் குழு இப்போதே அமைய வேண்டும். அதில் கான்ட்ராக்ட் தொழிலாளரும் பெண் தொழிலாளரும் கட்டாயம் இருக்க வேண்டும்.

இந்தச் சாசனம் கைக்குக் கிடைத்த 30 நாளுக்குள் பதில் தாருங்கள். எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்று எழுதித் தாருங்கள். தமிழோடு தெலுங்கிலும் இந்தியிலும் ஒடியாவிலும் அச்சடித்து, ஷிப்டு மாறும் நேரத்தில் எல்லோரும் நின்று படிக்கும்படி ஒவ்வொரு கேட்டிலும் ஒட்டுங்கள்.