மாடு சாகவில்லையே என்று இருக்கலாமா?

சிவமோகா, சிக்கமகளூர் மலைப்பகுதிகளில் பனிக்காலத்தோடு குரங்குக் காய்ச்சலின் காலமும் தொடங்கிவிடுகிறது. மே மாதம் வரை அதன் ஆட்சிதான். பாக்குத் தோட்டத்துக்கும் காப்பித் தோட்டத்துக்கும் வேலைக்குப் போகிற நம்மவர்கள், பீரூர் ஸ்டேஷனில் மூட்டை முடிச்சோடு இறங்கும்போது கூலி எவ்வளவு, தங்க இடம் உண்டா என்றுதான் விசாரிக்கிறார்கள். அந்தப் பக்கம் குரங்கு செத்ததா என்று ஒருவரும் கேட்பதில்லை. முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

1957ல் சிவமோகா மாவட்டம் கியாசனூர் காட்டில் குரங்குகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. பக்கத்துக் கிராமத்தாரும் காய்ச்சலில் விழுந்தனர். மஞ்சள் காய்ச்சலோ என்று முதலில் பயந்தார்கள். புனா வைரஸ் ஆராய்ச்சி நிலையத்தார் சோதித்தபோது, அதுவரை உலகம் அறியாத வைரஸ் என்று தெரிந்தது. பரப்புவது உண்ணி. கன்னடத்தில் ‘மங்கன காயிலெ’ என்பது இதுவே. குரங்கம்மை வேறு, இது வேறு.

“அதே காட்டில் மாடு நன்றாகத்தானே மேய்கிறது?” என்று சிலர் தைரியம் சொல்வார்கள். இந்த தைரியம்தான் ஆபத்து.

வைரஸ் தானாகப் பெருக முடியாது. உயிரணுவுக்குள் நுழைந்து, அதன் சரக்கை எடுத்தே தன்னைப் பெருக்கிக்கொள்ளும். பெருகப் பெருக அந்த அணு கெடும். ஆனால் எல்லாப் பிராணியின் அணுவும் எல்லா வைரசுக்கும் இடம் கொடுப்பதில்லை. பூட்டுக்கேற்ற சாவி வேண்டும். நுழைந்தாலும் உடம்பின் எதிர்ப்புச் சக்தி அடக்கிவிடலாம். இந்த வைரஸ் குரங்கின் ரத்தத்தில் ஏராளமாகப் பெருகுகிறது. கருமுகக் குரங்கு நாட்டுக் குரங்கைவிடச் சீக்கிரம் மாண்டுபோகிறது. காட்டெலி, மூஞ்சூறு போன்றவை வைரசைச் சுமந்தும் அதிகம் வாடுவதில்லை. மாட்டின் ரத்தத்திலோ அது அவ்வளவாகப் பெருகுவதே இல்லை. அதற்காக மாடு நிரபராதியும் அல்ல. உண்ணிகளுக்கு அதுதான் அன்னசத்திரம். தின்று கொழுத்து அங்கேதான் இனம் பெருக்குகின்றன.

குரங்கு செத்து விழுந்ததும் அதன் மேலிருந்த உண்ணிகள் அந்த இடத்திலேயே இறங்கிச் சருகில் காத்திருக்கும். விறகு பொறுக்கவும் சருகு வாரவும் போகிறவர் காலில் ஏறும். கடித்த 3 முதல் 8 நாளில் திடீர்க் காய்ச்சல், கடும் தலைவலி, உடம்பு வலி. சிலருக்கு ரத்தக் கசிவு. நோய் கண்டவர்களில் நூற்றுக்கு 3 முதல் 5 பேர் வரை இறக்கிறார்கள். ஒருவரிடமிருந்து மற்றவருக்கு ஒட்டாது. ஆகையால் நோயாளியை ஒதுக்கி வைப்பது வீண் கொடுமை.

2012ல் பந்திப்பூரில் செத்த குரங்குகளைக் கையாண்ட ஊழியர்களுக்கே இது வந்தது. அதை ஒட்டிய நீலகிரிப் பக்கமும் குரங்குகளில் வைரஸ் காணப்பட்டது.

இதற்கென்று தனி மருந்து இல்லை. நெடுநாள் போட்டு வந்த தடுப்பூசியும் போதிய பலன் தராததால் நிறுத்தப்பட்டுவிட்டது. உண்ணி அண்டாமல் பூசும் எண்ணெயைச் சுகாதார நிலையங்களில் கொடுக்கிறார்கள். முழுக்கால் சட்டை, பூட்ஸ், வேலை முடிந்ததும் வெந்நீர்க் குளியல் ஆகியவையும் வேண்டும். தினக்கூலி வாங்குகிறவர் பூட்ஸுக்கு எங்கே போவார்? தோட்டக்காரரும் மேஸ்திரியும்தான் தரவேண்டும். காய்ச்சல் என்று படுத்தவரின் கூலியைப் பிடிப்பதால்தான் பலர் நோயை மறைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். சுகாதார இலாகாவின் எச்சரிக்கைகள் கன்னடத்தில் மட்டும் இருந்தால் நம்மவர்களில் பலருக்குப் படிக்கத் தெரியாது. தோட்டத்து லயன்களில் தமிழிலும் ஒட்டச் செய்ய மாவட்ட அதிகாரிகள் இந்தப் பனிக்காலத்துக்கு முன்பே உத்தரவிட வேண்டும்.