சொட்டும் இடமும் கசியும் இடமும்

பதிவு கொஞ்சம் நீளம். காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

எங்கள் வீட்டு மாருதி 800-ஐ உங்களில் பலருக்குத் தெரியும். 1998 மாடல், வெள்ளை, கார்புரேட்டர் வண்டி. சிலர் அதில் ஏறி மாவட்ட அறிவியல் கண்காட்சிக்கே வந்திருக்கிறீர்கள். நாலு பேர் உட்காரும் இடத்தில் ஆறு பேரும் ஒரு தெர்மகோல் அணைக்கட்டும். போன ஐப்பசியில் அந்த வண்டி வாசலில் எண்ணெய் சொட்டத் தொடங்கியது. கோலம் போடும் இடத்தில் கறுப்பு கறுப்பாக வட்டங்கள். "ஒண்ணு கார் இருக்கணும், இல்ல கோலம் இருக்கணும்" என்று வீட்டு அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

ஒரு பட்டறையில் காட்டினேன். அடியில் குனிந்து பார்த்தார்கள். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் சொட்டு நின்றது. "பின்பக்க ஆயில் சீல் போயிருக்கு சார், கியர்பாக்ஸை இறக்கணும்" என்றார்கள். செலவைக் கேட்ட மகன் பெங்களூரிலிருந்து போனில், "அப்பா, இதுக்கு மேல அதுல பணம் போடாதீங்க, பழைய இரும்புக்குப் போட்டுடுங்க" என்றான். அவன் சொன்னதிலும் தப்பில்லை. 1983 டிசம்பரில் வந்து 2014 ஜனவரியில் உற்பத்தி நின்ற வண்டி அது.

எனக்கு மனசு வரவில்லை. பானெட்டைத் திறந்து நானே பார்த்தேன். இன்ஜின் தலையில் இருக்கும் ஹெட் கவரின் ஓரமெல்லாம் ஈரம். ஆகா, பிடித்துவிட்டோம் என்று நீளமான கைப்பிடியுள்ள சாக்கெட் ஸ்பேனரை எடுத்து, அந்தக் கவரின் போல்ட்டுகளையெல்லாம் பலம் கொண்ட மட்டும் முறுக்கினேன். இரண்டு நாளில் கசிவு இரண்டு மடங்கு ஆனது. சூடான எக்ஸாஸ்டின் மேல் சொட்டி, தெருவெல்லாம் தீய்ந்த வாடை. அதில் நெருப்பு பிடிக்கவும் வாய்ப்பு உண்டு என்பது எனக்குத் தெரியும். பயந்துபோய் வண்டியை நிறுத்திவிட்டேன்.

அந்த வாரம்தான் நம் பள்ளியின் பழைய மாணவன் ஒருவன் கிரகப்பிரவேசப் பத்திரிகை வைக்க வந்தான். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். சொந்தமாக மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறான். பத்தாம் வகுப்பில் அறிவியலில் தட்டுத்தடுமாறித் தேறியவன். அவன் மதிப்பெண் அட்டையில் "கவனம் போதாது" என்று எழுதியவன் நான்தான்.

விஷயத்தைச் சொன்னேன். பத்திரிகையை மேசையில் வைத்துவிட்டுச் சட்டைக் கையை மடித்துக்கொண்டான். "சார், முதல்ல கழுவணும். அழுக்கோட பார்த்தா எல்லா இடமும் லீக் மாதிரிதான் தெரியும்."

இன்ஜின் ஆறியிருந்தது. டிஸ்ட்ரிபியூட்டரையும் ஆல்டர்னேட்டரையும் பாலித்தீன் பையால் மூடிக் கட்டினான். பழைய பிரஷ்ஷை டீசலில் தோய்த்துத் தேய்த்துத் துணியால் துடைத்தான். (பெட்ரோலால் கழுவவே கூடாது என்பது அவன் கட்டளை.) நன்றாகக் காய்ந்தபின் வீட்டிலிருந்த முகப் பவுடரைச் சந்தேகப்பட்ட இடங்களில் தூவினான். இன்ஜினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி டார்ச் அடித்தான். வெள்ளைப் பவுடரில் ஒரு பழுப்புக் கோடு. ஹெட் கவரின் பின்மூலையில் தொடங்கி, இன்ஜின் முதுகு வழியாக இறங்கி, கியர்பாக்ஸ் சேரும் இடத்துக்கு வந்து சொட்டாக நின்றது. பின்பக்க சீலின் மேல் விழுந்த பழியும் அதோடு போயிற்று.

"அப்போ கேஸ்கட்டை மாத்திடலாமா?" என்றேன்.

"இருங்க சார், அது ஏன் கசியுதுன்னு பார்க்கணும்." கவரிலிருந்து போகும் ப்ரீதர் ஹோஸைக் கழற்றி வாய் வைக்காமல் காற்றுப் பம்பால் அடித்தான். காற்று போகவில்லை. உள்ளே தார் மாதிரி கசடு அடைத்திருந்தது. எரியும் வாயுவில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும். அது வெளியேறும் வழி இந்த ஹோஸ். வழி அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, எங்கே பலவீனமோ அங்கே எண்ணெயைத் தள்ளும். விசில் அடைத்த குக்கரில் கேஸ்கட் ஓரமாக ஆவி பீறிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே கதைதான். கேஸ்கட்டை மட்டும் மாற்றியிருந்தால் சில மாதத்தில் மறுபடி வாசலில் வட்டம்.

பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, ஏர் கிளீனரை எடுத்து, ப்ளக் வயர்களுக்கு வரிசை எண் ஒட்டி, கவரைத் தூக்கினோம். பழைய கேஸ்கட் அப்பளம் போல ஒடிந்தது. இறுகிப்போன அந்த ரப்பரை நான் முறுக்கி நசுக்கியதில் மூலையில் விரிசல். ஹெட் அலுமினியம் என்பதால் ஸ்க்ரூடிரைவரால் சுரண்டாமல் துணியால் துடைத்தோம். பேஸ்ட்டை நான் தாராளமாகப் பிதுக்கப் போனேன், கையைப் பிடித்துக்கொண்டான். மிச்சமானது உள்ளே உதிர்ந்து ஆயில் உறிஞ்சும் வலையை அடைக்குமாம்.

புது கேஸ்கட்டை வைத்து அவன் போல்ட் முறுக்கியதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. சின்ன ஸ்பேனர். அதையும் நுனியில் பிடிக்காமல் போல்ட்டுக்குப் பக்கத்தில் இரண்டு விரலால் பிடித்தான். நடுவிலிருந்து வெளியே, எதிரெதிராக, மூன்று சுற்றில் கொஞ்சம் கொஞ்சமாக. "சின்ன போல்ட்டுக்குச் சின்னப் பிடி சார். தள்ளிப் பிடிச்சா நம்மளையறியாம ஏறிடும்."

விசையின் திருப்புத்திறன்! விசையைத் தூரத்தால் பெருக்கு. அந்தப் போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டருக்குள் போதும். 12.5 சென்டிமீட்டர் ஸ்பேனரில் அது சுமார் 8 கிலோ எடையின் இழுப்பு. அதே இழுப்பை 25 சென்டிமீட்டர் கைப்பிடியில் கொடுத்தால் இரண்டு மடங்கு. இந்தக் கணக்கை முப்பத்து மூன்று வருடம் கரும்பலகையில் போட்டவன் நீளக் கைப்பிடியால் கேஸ்கட்டை உடைத்தேன். வரையறையைத் தேர்வில் எழுதத் தெரியாதவன் விரலில் வைத்திருந்தான். கவனம் போதாது என்று யாருடைய அட்டையில் எழுதியிருக்க வேண்டும்?

என் கருத்து இதுதான். அத்தனை வருடத்தில் ஒரு பிள்ளையின் கையிலும் நான் ஸ்பேனரைக் கொடுத்ததில்லை. ரெக்கார்டு நோட்டின் படத்துக்கு மதிப்பெண் போட்டேன். தவறான விடை வந்தால் சொட்டு விழுந்த இடத்தில் சிவப்பு மையால் சுழித்தேனே தவிர, மேலே எங்கே கசிகிறது என்று தேடவில்லை. உங்களில் இப்போது ஆசிரியராக இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: திருப்புத்திறன் நடத்தும் அன்று ஒரு ஸ்பேனரும் ஒரு போல்ட்டும் எடுத்துப் போங்கள். செலவு ஒன்றுமில்லை.

பட்டறைக்காரரையும் குறை சொல்ல மாட்டேன். கழுவி, காயவைத்து, பார்ப்பதற்கு அரை நாள் ஆகும். மாற்றிய பொருளுக்குக் காசு கொடுக்கிறோம்; பார்த்த நேரத்துக்குக் கொடுக்க நமக்கு மனசு வருவதில்லை. பிறகு எப்படிப் பார்ப்பார்கள்? நான் அவனிடம் கூலி கேட்டேன். வாங்க மறுத்தான். கிரகப்பிரவேச மொய்யில் சேர்த்துவிட்டேன்.

வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்குச் சில எச்சரிக்கைகள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் நுழையாதீர்கள். ஆயில் பிரஷர் விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே இன்ஜினை நிறுத்துங்கள். டிப் ஸ்டிக்கில் எண்ணெய் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கலாம். அது மெக்கானிக் வேலை. கழுவிய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாமல் கேனில் சேர்த்து, கழிவு ஆயில் எடுப்பவர்களிடம் கொடுங்கள்.

ஐந்து மாதம் ஆகிறது. வாரம் ஒருமுறை டிப் ஸ்டிக் பார்க்கிறேன், அளவு இறங்கவில்லை. வாசலில் காரும் இருக்கிறது, கோலமும் இருக்கிறது.

அந்த மாணவன் இதைப் படிப்பான். தம்பி, அந்த அட்டையில் எழுதியதை இங்கே எல்லோர் முன்னாலும் அடித்துவிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய இயற்பியல் வாத்தியார்