துப்பாக்கிக்கு எந்தப் பூட்டு?

செமஸ்டர் தேர்வு முடிந்து பத்து நாளாகிவிட்டது. எழுத விஷயம் இருந்தும் சோம்பேறித்தனம் விடவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டில் நடந்த ஒரு வாக்குவாதம்தான் மறுபடி எழுத வைத்திருக்கிறது.

திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் எங்கள் பெரிய மாமாவுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. மல்லாட்டை, உளுந்து போடுவார். வீடு ஊரைவிட்டுத் தள்ளி, கொல்லையிலேயே இருக்கிறது. காட்டுப்பன்றித் தொல்லை, திருட்டு பயம் இரண்டும் உண்டு. அதனால் தாத்தா காலத்திலிருந்தே வீட்டில் லைசென்ஸ் வாங்கிய துப்பாக்கி ஒன்று இருக்கிறது. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கி வருவார், முடிந்ததும் போய் எடுத்து வருவார். மற்ற நாளெல்லாம் அது பீரோவில் தூங்கும்.

அன்றைக்கு மாமாவின் ஒன்பது வயதுப் பேரன், லீவுக்கு வந்தவன், அந்தத் துப்பாக்கியைத் திண்ணையில் வைத்துத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். உள்ளே தோட்டா இல்லை. ஆனாலும் அத்தைக்குக் கை கால் ஆடிப்போய்விட்டது. சாவி எப்படிடா கிடைத்தது என்று கேட்டால், "சாமி படத்துக்குப் பின்னாடிதானே இருக்கு, எல்லாருக்கும் தெரியுமே" என்கிறான்!

அப்புறம் ஆரம்பித்தது சண்டை. சென்னையில் வேலை பார்க்கும் மச்சான் (பையனின் அப்பா), "சாவியெல்லாம் அந்தக் காலம்ப்பா, கைரேகை வச்சுத் திறக்கிற லாக்கர் வாங்கிடலாம்" என்றார். மாமாவோ, "நல்ல திண்டுக்கல் பூட்டா ஒண்ணு வாங்கிப் போட்டா போதும்டா" என்றார். கடைசியில் என் பக்கம் திரும்பி, "ஏம் மாப்ளே, நீ காலேஜ் படிக்கிற, நீ சொல்லு" என்றார். பி.காம் படிப்பவனிடம் பூட்டைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது? :-) வீட்டுக்கு வந்து கொஞ்சம் படித்துப் பார்த்தேன்.

முதலில் மின்னணுப் பூட்டுக்கு நியாயம் செய்வோம். நம்மூரில் பலர் நினைப்பதுபோல் கரண்ட் போனால் அது திறக்காமல் போகாது. பெரும்பாலும் பேட்டரியில்தான் ஓடுகிறது. ஒளித்துவைக்கச் சாவியும் கிடையாது. சாமி படத்துக்குப் பின்னால் சாவி தொங்கும் வீட்டுக்கு அது நிச்சயம் ஒரு படி மேல்.

ஆனால் கைரேகை? ரேஷன் கடை வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும். மண்ணிலேயே உழைத்துத் தேய்ந்த விரலை மெஷினில் எத்தனை முறை அழுத்தினாலும் பதியாது. பகலில் அரிசி வாங்கவே பதியாத விரல், ராத்திரியில் பதறிக்கொண்டு வைக்கும்போது பதியுமா?

இது பரவாயில்லை, திறக்காமல் போவதுதான். திறக்கக் கூடாதபோது திறந்தால்? அமெரிக்காவில் 2023 அக்டோபரில் ஃபோர்ட்ரஸ் என்ற நிறுவனத்தின் கைரேகைத் துப்பாக்கிப் பெட்டிகள் சுமார் 61,000 திரும்பப் பெறப்பட்டன. பதிவு செய்யாத விரலுக்கும் பெட்டி திறந்ததாக 39 புகார்கள் வந்திருந்தன. அப்படி ஒரு பெட்டியிலிருந்து எடுத்த துப்பாக்கியால் 12 வயதுச் சிறுவன் இறந்ததாக ஒரு வழக்கும் இருக்கிறது. பூட்டியிருக்கிறது என்று நம்பித்தானே அந்த வீட்டார் நிம்மதியாக இருந்திருப்பார்கள்?

மலிவான பெட்டிகளில் இன்னொரு கோளாறும் உண்டு. உள்ளே தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டிருப்பது சின்ன மின்காந்த ஊசி ஒன்று. பெட்டியைக் குலுக்கினாலோ தட்டினாலோ சில பெட்டிகளில் அந்த ஊசி ஒரு கணம் துள்ளிக் கதவை விட்டுவிடும். அதோடு, பேட்டரி தீர்ந்தால் திறக்க என்று மூடிக்குப் பின்னால் ஒரு சாவித்துளையும் வைத்திருப்பார்கள். ஆக, சாவியை ஒழிக்க வாங்கிய பெட்டிக்கும் ஒரு சாவி. அதை எங்கே வைப்பார்கள்? சாமி படத்துக்குப் பின்னால்தான்!

திண்டுக்கல் பூட்டு எளிமையானது. உள்ளே பல லீவர்கள் அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றையும் சாவியின் பல் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் தாழ் நகரும். 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் எவ்வளவு நல்ல பூட்டானாலும் சாவி ஊருக்கே தெரிந்த இடத்தில் இருந்தால் அது பூட்டே இல்லை. மாமா சொன்னதிலும் இந்த ஓட்டை இருக்கிறது.

என் கட்சி இதுதான்: சாவிப் பூட்டு, ஆனால் சாவி ஆள்மேல் இருக்க வேண்டும். காரணம் இருக்கிறது. சாவி தொலைந்தால் அன்றைக்கே தெரியும். ரகசிய எண்ணைப் பையன் எட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. சாவியை எண்ணிப் பார்க்கலாம், எண் எத்தனை பேருக்குத் தெரியும் என்று எண்ண முடியுமா? சாவிக்கு டூப்ளிகேட் போடலாமே என்பீர்கள். போடலாம். ஆனால் அதற்கும் முதலில் சாவி கையில் கிடைக்க வேண்டுமே.

ஆடிட்டிங் பாடத்தில் இன்டர்னல் செக் என்று படிக்கிறோம். ஒரு வேலையை ஒருவரே முழுதாகச் செய்து முடிக்கும்படி விடக்கூடாது என்பதுதான் அதன் சாரம். பேங்க் லாக்கரில் நம் சாவியும் வேண்டும், பேங்க் சாவியும் வேண்டும். வீட்டிலும் அப்படியே செய்யலாம். துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா வேறு பூட்டில். ஒரு சாவி மாமாவிடம், இன்னொன்று அத்தையிடம். இதில் குழந்தை மட்டுமல்ல, குடித்துவிட்டுக் கோபத்தில் வரும் பெரியவர்களும் தடுக்கப்படுவார்கள். வெளியே சொல்லாவிட்டாலும் எல்லா வீட்டிலும் அந்த பயமும் இருக்கிறது.

"திருடன் வந்தால் ரெண்டு பூட்டைத் திறந்துகொண்டு நிற்பாயா?" என்று மச்சான் கேட்டார். நியாயமான கேள்வி. அமெரிக்காவில் 2008-ல் ஹெல்லர் வழக்கில், வீட்டுத் துப்பாக்கியைக் கழற்றியோ விசைப் பூட்டுப் போட்டோ வைக்க வேண்டும் என்ற வாஷிங்டன் நகரச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததும் இதே வாதத்தால்தான். ஆனால் அங்கே துப்பாக்கி உரிமை, இங்கே 1959 ஆயுதச் சட்டப்படி அரசு தரும் அனுமதி. அது போக, மாமாவிடமே கேட்டேன். முப்பது வருஷத்தில் திருடனுக்காகத் துப்பாக்கியை எடுத்தது ஒரே ஒரு முறையாம், அதுவும் வந்தது பக்கத்துக் கொல்லை மாடு. பேரப் பிள்ளைகளோ வருஷத்துக்கு இரண்டு தடவை வருகிறார்கள். எந்த ஆபத்து அடிக்கடி வருகிறதோ அதற்குத்தானே முதலில் பூட்டுப் போட வேண்டும்?

இப்போது இரண்டு புதுப் பூட்டு வாங்கியாகிவிட்டது. துப்பாக்கிச் சாவி மாமாவின் அரைஞாண் கயிற்றில், தோட்டாச் சாவி அத்தையின் சுருக்குப் பையில். மச்சானுக்கு இன்னும் திருப்தி இல்லை. இரும்புப் பெட்டி ஒன்றைச் சுவரோடு சேர்த்துப் பதிக்க வேண்டும் என்கிறார். பீரோவையே தூக்கிக்கொண்டு போகிறவனுக்கு எந்தப் பூட்டும் ஒன்றுதான் என்பதால், அதில் மட்டும் நானும் அவர் பக்கம்.

உங்கள் வீட்டில் துப்பாக்கி இல்லாமல் இருக்கலாம். பூச்சிமருந்து டப்பா இருக்குமே? அதன் சாவி எங்கே இருக்கிறது என்று இன்றைக்கு ஒருமுறை பாருங்கள். அடுத்த கட்டுரையில் சந்திப்போம்.