வாயைத் திற… சரி, மூடு!

"டென்டல்: கேரிஸ் ப்ளஸ். அட்வைஸ்: பல் மருத்துவரை அணுகவும்."

அதாவது சொத்தை இருக்காம், டாக்டரைப் பார்க்கணுமாம். அவ்வளவுதாங்க ரிப்போர்ட். ஸ்கூல்ல பல் முகாம் நடத்தி, என் மகள் கையில் மடிச்சுக் கொடுத்தனுப்பின சீட்டில் இருந்த மொத்த ஞானமும் இதுதான். எந்தப் பல்? மேலயா, கீழயா? பால் பல்லா, நிலைப்பல்லா? ஒண்ணா, நாலா? மூச்! கூடவே ஒரு குட்டி பேஸ்ட் டியூப். எவ்வளவு வச்சுத் தேய்க்கணும்னு ஒரு வரி கிடையாது.

எப்படிடி பார்த்தாங்கன்னு கேட்டேன். "லைனா நின்னோம்மா. வாயைத் திறன்னாங்க. டார்ச் அடிச்சாங்க. சரி, மூடுன்னாங்க. அப்புறம் பேனர் முன்னாடி போட்டோ." போட்டோவுக்கு ஆன நேரம் பல்லுக்கு ஆகலை போலிருக்கு. மறுநாள் வாட்ஸ்அப் குரூப்பில் அறிவிப்பு: "அனைத்து மாணவர்களுக்கும் பல் பரிசோதனை வெற்றிகரமாக நிறைவுற்றது." கீழே வரிசையாக் கைதட்டல் எமோஜி. எதுங்க நிறைவு?

பக்கத்து வீட்டு அக்காகிட்ட புலம்பினேன். "விடும்மா, விழப்போற பல்லுதானே!" இந்த ஒரு வாக்கியம் நம்ம ஊர்ல எத்தனை பிள்ளைகளைத் தூங்கவிடாம அழ வச்சிருக்குன்னு யாராவது கணக்கெடுக்கணும். பால் பல் மொத்தம் 20. முன்பல் ஆறு, ஏழு வயசில் ஆட ஆரம்பிச்சிடும், வாஸ்தவம். ஆனா கடைவாய்ப் பால் பல் பத்து, பன்னிரண்டு வயசு வரைக்கும் இருந்தாகணும். அஞ்சு வயசில் சொத்தை விழுந்தா, இன்னும் ஆறு வருஷம் அதை வச்சுத்தானே அந்தப் பிள்ளை சோறு மெல்லணும்? சீழ் வச்சா அடியில் வளர்ற நிலைப்பல்லுக்கும் சேதம் வரலாம். நேரத்துக்கு முன்னாடி பிடுங்கிட்டா பக்கத்துப் பல் சாஞ்சு வந்து அந்த இடத்தை ஆக்கிரமிச்சுக்கும். அப்புறம் கம்பி போட ஆயிரம் ஆயிரமா எண்ணி வைக்கணும்.

இதைவிட ஒரு கூத்து இருக்கு. ஆறு வயசு வாக்கில், கடைசிப் பால் பல்லுக்கும் பின்னாடி, முதல் நிலைக் கடைவாய்ப்பல் சத்தமில்லாம முளைக்கும். அதுக்காக எந்தப் பல்லும் விழறதில்லை. அதனால பெத்தவங்க அதையும் பால் பல் கணக்குலயே சேர்த்துடறாங்க. ஆயுசுக்கும் இருக்கவேண்டிய பல்லுங்க அது! அதன் மேடு பள்ளத்துல பிஸ்கட் மாவு போய் அடைஞ்சுக்கும்; சொத்தை விழறதுக்கு அதுக்கு மேல என்ன வசதி வேணும்? என் மகளுக்கு இருக்கிற 'ப்ளஸ்' அந்தப் பல்லிலா, இல்லையா? அதைச் சொல்றதுக்குத்தானே முகாம்?

கிளாஸ் மிஸ்கிட்ட நேரா கேட்டேன். "போன வருஷம் இதே மாதிரி சீட்டு வாங்கின பிள்ளைங்கள்ல எத்தனை பேருக்குப் பல் அடைச்சாங்க மிஸ்?" அவங்க பாவம், ரெஜிஸ்டரையே எடுத்துக் காட்டினாங்க. பெயர், வகுப்பு, தேதி, ரிமார்க்ஸ். அதோட கோடு முடியுது. "நீங்க கேக்கிற கட்டமே இதுல இல்லையே மேடம்."

இங்கதான் எனக்கு வயிறு எரியுது. பந்தியில் தலையை மட்டும் எண்ணிட்டு, இலையில் சோறு விழுந்ததான்னு பார்க்காமலேயே கையலம்பச் சொன்ன மாதிரி இருக்கு. எத்தனை வாய் திறந்ததுன்னு நோட்டுல இருக்கு. எத்தனை வாய் சரியாச்சு? அது யாருக்கும் வேண்டாத கேள்வி.

சரி, நம்ம ஸ்கூல் தனியார், அவங்க லட்சணம் அப்படின்னு விட்டுடலாமா? அரசாங்கத்துக்குன்னு ராஷ்டிரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் இருக்கு. 2013ல் வந்த திட்டம். பிறந்த குழந்தை முதல் 18 வயசு வரைக்கும் குறைஞ்சது 30 வகைக் குறைபாடுகளைத் தேடிப் பிடிக்கணும். பல் சொத்தையும் அந்தப் பட்டியலில் உண்டு. அங்கன்வாடிக்கு வருஷம் ரெண்டு தடவை, அரசுப் பள்ளிக்கு ஒரு தடவை குழு வரணும். குழுவில் பல் டாக்டர் கிடையாது. சந்தேகம்னா மாவட்ட மையத்துக்கு அனுப்பணும். தமிழ்நாட்டிலும் 2023ல் பள்ளிப் பிள்ளைகளின் பல்லைப் பார்க்க 'புன்னகை'ன்னு அழகா ஒரு பேர் வச்சு ஆரம்பிச்சாங்க. திட்டத்தைக் குறை சொல்ல மனசு வரலை. ஆனா அனுப்பினா போகணுமே? எங்க வீட்டுல வேலை செய்ற அம்மாவோட பேத்திக்கும் ஒரு சீட்டு வந்தது. ஒரு நாள் கூலியை விட்டுட்டு, பஸ் பிடிச்சு, டோக்கன் வாங்கி உட்கார்ந்தா, "எக்ஸ்ரே மெஷின் ரிப்பேர், அடுத்த வாரம் வாங்க." அவங்க அடுத்த வாரம் போகலை. போனாங்களான்னு யாரும் கேக்கவும் இல்லை. ரெஜிஸ்டரில் மட்டும் அந்தக் குழந்தை 'பரிசோதிக்கப்பட்டது'.

பல் டாக்டர்கள்கிட்ட இதுக்கு ஒரு பழைய கணக்கே இருக்குங்க. ஒரு பிள்ளை வாயில் சொத்தைப் பல் எத்தனை, சொத்தையால போன பல் எத்தனை, அடைச்ச பல் எத்தனை. மூணையும் கூட்டு. அதில் அடைச்சது எத்தனை பங்குன்னு பார். ஊரோட சிகிச்சை லட்சணம் பல்லிளிச்சுடும். 2002-03ல் நடந்த தேசியக் கணக்கெடுப்பிலேயே அஞ்சு வயசுப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல சொத்தை. 15 வயசில் அது அறுபது சதவீதத்தையும் தாண்டியது. இதே வேலையை ஒழுங்காச் செய்ற ஊரும் இருக்கு. ஸ்காட்லாந்தில் வருஷா வருஷம் பள்ளியில் சேர்ற பிள்ளைகளின் பல்லைப் பார்த்து, எவ்வளவு அவசரம்னு தரம் பிரிச்சு வீட்டுக்குக் கடிதம் அனுப்பறாங்க. முடிவையும் ஊரறிய வெளியிடறாங்க. நர்சரியிலேயே நிக்க வச்சுப் பல் தேய்க்கவும் வைக்கிறாங்க. 2003ல் அங்கே வெளிப்படையான சொத்தை இல்லாத பிள்ளைகள் 45 சதவீதம். 2020ல் எழுபதைத் தாண்டிட்டாங்க. நமக்கு? அதே டார்ச். தர்மபுரிப் பக்கம் தண்ணியில் ஃபுளோரைடு அதிகமாகிப் பல் பழுப்பேறின பிள்ளைக்கும், சென்னையில் சாக்லேட்டில் சொத்தையான பிள்ளைக்கும் ஒரே 'ரிமார்க்ஸ்' கட்டம்.

டிரில்லிங் சத்தமே இல்லாம, சொத்தை பரவாம நிறுத்த சில்வர் டயமைன் ஃபுளோரைடுன்னு ஒரு திரவம் இருக்கு. தடவின இடம் கறுத்துப்போகும், அழகு பத்தாது, ஆனா மலிவு. உலக சுகாதார நிறுவனம் 2021லேயே அதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துடுச்சு. எங்க முகாமுக்கு வந்தது பேனர்.

சரின்னு பிரைவேட் கிளினிக்குக்குப் போனா அது தனி அத்தியாயம். ஒருத்தர், "சின்னதுதான், அடைச்சுடலாம்." இன்னொருத்தர், எக்ஸ்ரேவே எடுக்காம, "மூணு பல்லுக்கு ரூட் கேனல், மேல கேப். ஜிர்கோனியாவா, ஸ்டீலா? பேக்கேஜா எடுத்தா டிஸ்கவுன்ட் உண்டு மேடம்." அதே பிள்ளை, அதே வாய், அதே வாரம்! யார் சொல்றது சரின்னு நான் எங்கே போய்க் கேக்கறது? டி.வி. வாங்கினாக்கூட ரிவ்யூ பார்க்கலாம்.

இதுல இன்னொரு பயம் வேற. வாணியம்பாடி ஞாபகம் இருக்கா? 2025ல் ஆய்வுக் கட்டுரையா வெளிவந்த விஷயம். 2022-23ல் அங்கே ஒரு பல் கிளினிக்கோட தொடர்புடையதா மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ்ங்கிற கிருமித்தொற்று வந்தது பத்துப் பேருக்கு. எட்டுப் பேர் செத்துப் போனாங்க. பல் வைத்தியத்துக்குப் பயன்படுத்தின கருவியாலேயே சலைன் பாட்டிலைத் திறந்து, மிச்சத்தைச் சரியா மூடாம வச்சு, அதையே அடுத்தவங்களுக்கும் பயன்படுத்தியிருக்காங்க. ஒரு பாட்டில் மூடிங்க! நடுவுல ஒரே ஒரு தடவை யாராவது உள்ளே போய் எட்டிப் பார்த்திருந்தா?

அதனால ஒரு கிளினிக்கில் பணிவாத்தான் கேட்டேன். "ஆட்டோகிளேவ்ல கிருமி நீக்கின கருவிப் பவுச்சை என் முன்னாடி பிரிக்க முடியுமா டாக்டர்?" ரிசப்ஷன் பொண்ணு என்னை ஏற இறங்கப் பார்த்தது. டாக்டர் சிரிச்சார். "யூட்யூப்ல பார்த்துட்டு வந்தீங்களா?" பவுச் கடைசி வரைக்கும் வரலை. நாங்க எழுந்து வந்துட்டோம்.

சட்டம் இல்லையான்னு கேப்பீங்க. இருக்கே! தனியார் மருத்துவமனை, கிளினிக்குகளை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாட்டில் 1997லேயே சட்டம் போட்டாச்சு. அதுக்கான விதிகள் வந்தது 2018ல். சட்டம் பிறந்தப்போ பால் பல் முளைச்ச குழந்தைக்கு, விதி வரும்போது ஞானப்பல்லே எட்டிப் பார்த்திருக்கும்.

போன பேரன்ட்ஸ் மீட்டிங்ல எழுந்து நின்னு ஒண்ணே ஒண்ணு கேட்டேன். அந்த ரெஜிஸ்டரில் 'சிகிச்சை முடிந்ததா?'ன்னு ஒரு கட்டம் சேருங்க, ஆறு மாசம் கழிச்சு ஒரு போன் போட்டு அதை நிரப்புங்க. அவ்வளவுதான். "நல்ல சஜஷன் மேடம்"னார் கரஸ்பாண்டன்ட். "ஆனா ஃபார்மேட் மாத்தணும்னா மேலேர்ந்து சர்க்குலர் வரணுமே." ஒரு கோடுதானே சார், ஸ்கேலும் பேனாவும் நானே தர்றேன்னேன். ஹால் முழுக்கச் சிரிப்பு. அப்புறம் அடுத்த சப்ஜெக்டுக்குப் போயிட்டாங்க: ஆண்டு விழாவுக்கு டிரெஸ் என்ன கலர்? அதுக்கு ஒரு மணி நேரம் விவாதம் நடந்துச்சுங்க.